சாம்பல் கட்டத்துக்குள் நின்ற ரிக்

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் பள்ளிக்கூடம் போகாமல் கிணறு வெட்டுகிறவர்களுக்கு மண்கூடை தூக்கப் போய்விட்டேன். இன்றைக்குத் திருச்செங்கோட்டில் எந்த டீக்கடையில் கேட்டாலும் என் ஷெட்டுக்கு வழி சொல்வார்கள். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி ஒன்று வாங்குவதற்குள் இவன் ஆயுள் முடிந்துவிடும் என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். இரண்டு வாங்கினேன். பாலைவனத்திலும் துளை போட்டிருக்கிறேன், கடற்கரையிலும் போட்டிருக்கிறேன். யார் வீட்டு வாசலிலும் கைகட்டி நின்றதில்லை. இதையெல்லாம் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். உழைத்தவன் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

அப்படிப்பட்டவன் போன வருடம் ஒரு கம்ப்யூட்டர் படிவத்துக்குள் மாட்டிக்கொண்டேன்.

என் மூத்த ரிக் அப்போது வடக்கே வெகுதூரத்தில் ஒரு தாலுகாவில் ஓடிக்கொண்டிருந்தது. கூட இருந்தது என் மேனேஜர். பரமத்தி வேலூர்க்காரர், துளை போடும் இரும்பு ராடு தூக்கும் ஆளாக என்னிடம் சேர்ந்து, வண்டியையே தனியாக நடத்தும் அளவுக்கு வந்தவர். அந்தத் தாலுகாவில் திடீரென்று ஒரு சட்டம் போட்டார்கள். வெளிமாநில ரிக்குகள் எல்லாம் புதிதாகப் பதிவு செய்ய வேண்டும், பதிவாகும்வரை வண்டி அலுவலக வளாகத்தில் நிற்க வேண்டும் என்று. ரிக்கைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். சாவி அவர்கள் மேஜை டிராயருக்குள் போனது. மேனேஜர்தான் பொறுப்பு என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். வண்டியை விட்டு அவர் ஊருக்குப் போனால் அது கைவிட்ட வண்டி, ஏலத்துக்குப் போகும்.

அதுகூடப் பரவாயில்லை. வேலை நின்றால் பிறகு பிடித்துக்கொள்ளலாம். ஆனால் அந்த வளர்பிறையில் மேனேஜரின் அக்கா மகளுக்குக் கல்யாணம். அக்காவின் வீட்டுக்காரர் இறந்து வெகுகாலம் ஆயிற்று. கூடப் பிறந்தவன் என்று இருப்பது இவர் ஒருவர்தான். எங்கள் பக்கம் தாய்மாமன் வந்து பொண்ணின் நெற்றியில் பட்டம் கட்டிய பிறகுதான் மற்றதெல்லாம். மாமன் இல்லாத மேடை என்றால், வந்தவர்கள் சாப்பிட்டுக்கொண்டே பேசுவார்கள், போன பிறகும் பேசுவார்கள்.

பதிவுக்கு வேண்டியது ஒரே ஒரு படிவம். உரிமையாளரின் மெயிலுக்கு வரும், உரிமையாளரின் மெயிலிலிருந்தே திரும்பப் போக வேண்டும். அச்செடுத்துப் பேனாவால் எழுதி அனுப்பினால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஃபைலுக்குள்ளேயே டைப் அடிக்க வேண்டும். இரண்டு தடவை தவறாக வந்தால் உரிமையாளரே நேரில் வர வேண்டும். இவ்வளவுதானே என்று நினைத்தேன். பூமியைத் துளைக்கிறவனுக்கு ஒரு தாளை நிரப்புவது பெரிய வேலையா?

ஷெட்டுக் கணக்கையெல்லாம் பார்ப்பது என் மருமகள். கம்ப்யூட்டர் படித்த பெண். கம்ப்யூட்டர் வாங்கிய காலத்தில், சாப்ட்வேருக்கு வருடா வருடம் பணம் கட்ட வேண்டும் என்று கடைக்காரர் சொன்னார். கட்டாமல் ஓடுவதும் ஒன்று இருக்கிறது என்று மருமகள் சொன்னாள். அதையே போடச் சொன்னேன். பில், கணக்கு, கடிதம் எல்லாம் ஒரு குறையும் இல்லாமல் ஓடின. பணம் கட்டி வைத்திருக்கும் மற்ற ரிக் முதலாளிகளைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

படிவத்தை அதில் திறந்தாள். தாள் முழுக்க எழுத்து, நடுநடுவே சாம்பல் நிறத்தில் கட்டங்கள். கட்டத்துக்குள் மட்டும்தான் எழுத முடியும். அம்புக்குறியைக் கட்டத்துக்கு வெளியே எங்கே வைத்தாலும் ஒரு எழுத்து விழாது. பெயர், முகவரி, வண்டி எண் எல்லாம் நிரப்பினாள். இயந்திர வகை என்ற கட்டத்தில் வந்து நின்றாள்.

“இது அவுங்க சிஸ்டத்துல செஞ்ச ஃபாரமுங்க மாமா. இந்தக் கட்டத்தத் தொட்டா ஒரு லிஸ்ட்டு கீழ எறங்கோணும். நம்ம சிஸ்டத்துல எறங்க மாட்டீங்குதுங்க.”

லிஸ்ட் இறங்காவிட்டால் என்ன, என்ன வண்டி என்று நமக்குத் தெரியாதா, டைப் அடித்து அனுப்பு என்றேன். அப்படியே செய்தாள். எங்கள் திரையில் எல்லாம் அழகாகத்தான் இருந்தது. மறுநாள் திரும்பி வந்துவிட்டது. அவர்கள் பக்கம் திறந்தால் அந்தக் கட்டம், ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும் என்றே நிற்கிறதாம். நாங்கள் எழுதியது எழுதாததற்குச் சமம். ஒரு வாய்ப்பு போயிற்று.

என் போனில் திறந்து பார்த்தேன். போனில் அது வெறும் படம். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த பலகாரம் மாதிரி கட்டங்கள் தெரிந்தன. விரல் தேய்ந்ததுதான் மிச்சம்.

பணம் கட்டிய சாப்ட்வேர் இருக்கும் இடத்துக்குப் போகலாம் என்று மருமகள் சொன்னாள். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் எங்கள் ஆடிட்டர் அலுவலகத்துக்குப் போனோம். ஒரு கம்ப்யூட்டரை ஒதுக்கிக் கொடுத்துவிட்டு ஆடிட்டர் தன் வேலையைப் பார்க்கப் போனார். அங்கே அந்த லிஸ்ட் தொட்டவுடன் இறங்கியது. தேதிக் கட்டத்தைத் தொட்டால் காலண்டரே வந்தது. எல்லாக் கட்டத்தையும் நிரப்பிவிட்டு, பார்த்துக்குங்க மாமா, அனுப்பறேன் என்றாள்.

பார்த்தேன். தாளின் உச்சி வெறுமையாக இருந்தது.

“சுழி எங்க அம்முணி?”

“அந்த எடத்துல எழுத முடியாதுங்க மாமா. பூட்டி வெச்சிருக்கறாங்க.”

“மொதக் கட்டத்துல போடு.”

“அது உங்க பேருக் கட்டமுங்க. போட்டா உங்க பேரே மாறிப் போயிரும்.”

“பிள்ளையார் சுழி போடாம நான் மளிகைச் சீட்டுக்கூட எழுதுனதில்ல. பூட்டுனா தொறக்கறதுக்கு ஒரு வழி இருக்குமில்ல? தொற சாமி.”

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு எங்கேயோ தட்டினாள். ரகசியச் சொல் எதுவும் போடாத பூட்டு, உடனே திறந்துகொண்டது. உச்சியில் நடுவாக உ என்று வைத்தாள். எனக்கு மனசு நிறைந்தது. திரும்பப் பூட்டினாள். பூட்டியதும், நிரப்பி வைத்திருந்த அத்தனை கட்டமும் ஒரே நேரத்தில் காலியாகிவிட்டன. பூட்டைத் திரும்பப் போட்டால் சில படிவங்கள் இப்படித் துடைத்துக்கொள்ளுமாம். பல்லைக் கடித்துக்கொண்டு முதலிலிருந்து எல்லாவற்றையும் நிரப்பி அனுப்பினாள். வழியில் பேருந்து நிலையத்தில் டீ குடிக்கலாம் என்றேன். வேண்டாமுங்க என்றாள்.

அதுவும் திரும்பி வந்தது. படிவம் மாற்றப்பட்டிருக்கிறது, ஏற்க இயலாது என்று. நான் வைத்த சுழி அவர்கள் கணினியில் தமிழ் எழுத்து இல்லாததால் ஒரு வெற்றுச் சதுரமாகத் தெரிந்ததாம். பூட்டு திறந்து மூடியதற்கு அதுவே சாட்சியாகிவிட்டது.

சுழி போட்டது தப்பு என்று நான் இன்றைக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்காமல் வண்டியை நகர்த்து என்றால் நகர்த்துவேனா? ஆனால் அது என் நம்பிக்கை. அதற்காக வடக்கே மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது மேனேஜர். அன்று சாயங்காலம் அவருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். அவருக்குப் பின்னால் யாரோ பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டது.

“ஏனுங்கண்ணா, அக்கா கூப்பிட்டுச்சுங்க. பட்டங் கட்ட பங்காளி ஊட்டுல ஒருத்தர ரோசனை பண்ணட்டுமான்னு கேக்குது. நான் என்னன்னு சொல்றதுங்க?”

“ஒண்ணுஞ் சொல்லாத. இரு.”

“இருந்துட்டுத்தானுங்கண்ணா இருக்கறேன். நீங்க வெச்ச ஒரு எழுத்துக்கு நான் இங்க குந்தியிருக்கறேன்.”

என்னிடம் வேலை பார்க்கிற யாரும் அப்படிப் பேசியதில்லை. கோபம் வந்தது. போனை வைத்துவிட்டு, இரண்டு தடவையும் தப்பிவிட்டது, இனி நானே நேரில் போக வேண்டும், ரயிலைப் பார் என்று மருமகளிடம் சொன்னேன்.

மகன் இளைய ரிக்கோடு வேறு மாநிலத்தில் இருந்தான். எனக்கு முழங்கால் வலி, மாடி ஏறவே பிடித்துக்கொண்டு ஏறுகிறவன். மருமகள் தானும் வருகிறேன் என்றாள், ஷெட்டை யார் பார்ப்பது? சேலத்தில் ரயில் ஏறினேன். போய்ச் சேர்ந்தபோது மேனேஜர் வளாகத்து வாசலில் பையோடு நின்றுகொண்டிருந்தார். தாடி வளர்ந்து ஆள் இளைத்துப் போயிருந்தார். அலுவலகக் குமாஸ்தா முன்னால் பொறுப்பை என் பேருக்கு மாற்றிக் கையெழுத்துப் போட்டேன். அவர் குனிந்து என் காலைத் தொட வந்தார். வண்டிக்கு நேரமாச்சு, போ என்று விரட்டினேன்.

பிறகு குமாஸ்தா என்னை மேஜைக்கு அழைத்துப் போனார். ரிக் ஓட்டிக் கற்ற இந்தி எனக்குப் போதும். இங்கே அவர்கள் செய்த படிவம், அவர்கள் கணினி, பத்து நிமிட வேலை, அடுத்த ரயிலைப் பிடித்து நானும் போய்விடலாம் என்று கணக்குப் போட்டேன். குமாஸ்தா ஃபைலைத் திறந்தார். சாம்பல் கட்டங்கள் வந்தன. இயந்திர வகைக் கட்டத்தைத் தொட்டார். லிஸ்ட் இறங்கவில்லை. மறுபடி தொட்டார். என் ஷெட்டில் பார்த்த அதே காட்சி.

விசாரித்தால், அந்த வாரம்தான் பழைய கணினிகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்களாம். மேலிடத்து உத்தரவுப்படி, பணம் கட்டாத சாப்ட்வேர் போட்ட புதுக் கணினிகள் வந்திருந்தன. என் ஷெட்டில் இருக்கும் அதே வகை. படிவம் மட்டும் பழையதில் செய்தது. அவர்கள் படிவத்தை அவர்களாலேயே நிரப்ப முடியவில்லை. மாவட்டத்திலிருந்து புதுப் படிவம் வர வேண்டும் என்றார். எப்போது வரும் என்றேன். உள்ளங்கையை மேலே திருப்பிக் காட்டினார்.

அப்படித்தான் நான் என் சொந்த ரிக்கின் நிழலில் உட்கார்ந்தேன். காலையில் வெயில் கம்ப்ரசர் பக்கம், மத்தியானம் கேபின் பக்கம், நானும் கயிற்றுக் கட்டிலை அதற்குத் தகுந்தபடி இழுத்துப் போட்டுக்கொள்வேன். ரிக்கில் வேலை செய்யும் ஆட்கள் சமைத்துக் கொடுத்ததைச் சாப்பிட்டேன். வாசலுக்கு வெளியே சாலையில் லாரிகள் போகும். நாமக்கல் வண்டி ஒன்று போனால் எழுந்து நிற்பேன். எந்தக் கல்லையும் உடைத்து வழி செய்தவன் நான். இங்கே உடைக்க எதுவும் இல்லை. யாரும் என்னைத் திட்டவில்லை, தடுக்கவில்லை. தினமும் குமாஸ்தா மரியாதையாக வணக்கம் சொல்லி, இன்னும் வரவில்லை என்பார். அதைவிட அடிக்க வந்திருந்தால் தேவலை. அடியென்றால் எனக்குப் பழக்கம்.

புதுப் படிவம் ஒருவழியாக வந்தது, லிஸ்ட்டும் காலண்டரும் இல்லாமல் எந்தக் கணினியிலும் எழுதக்கூடிய வெறும் கட்டங்களாக. நிரப்பினேன், சாவியைக் கொடுத்தார்கள். அது கல்யாணத்துக்கு வெகுநாள் கழித்து.

கல்யாணத்தன்று காலை அதே கட்டிலில் இருந்தேன். மேனேஜர் போனில் கூப்பிட்டார். பட்டம் கட்டியாச்சு என்றார். பின்னால் மேளம். குரல் வேறு மாதிரி இருந்தது, அழுதாரோ என்னவோ, நான் கேட்கவில்லை. அக்கா பேசணுமாம் என்று போனைக் கொடுத்தார். அந்த அம்மாவை நான் நேரில் பார்த்ததில்லை.

“தம்பிய அனுப்பிச்சு வெச்சீங்க, புண்ணியமாப் போச்சுங்க. நீங்க எப்பங்க வாரீங்க? மறுவூட்டு விருந்துக்கு வந்துருவீங்களா?”

எந்த ஊரில் துளை போடப் போனாலும் திரும்பும் நாளைச் சொல்லிவிட்டுத்தான் போவேன். சொன்ன நாள் தப்பியதில்லை. அந்த அம்மா காத்திருந்தார். நான் அலுவலகக் கதவைப் பார்த்தேன். உள்ளே இன்னும் விளக்குப் போடவில்லை.

“எனக்குத் தெரியலீங்க அம்மணி,” என்றேன். “நீங்க விருந்த வெச்சுக்குங்க.”