என் பெயர் எழுதிய தாடை

போன வியாழக்கிழமை பல் கிளினிக்குக்குள் நுழைந்தேன். என்னைப் பார்த்ததும் ரிசப்ஷனில் இருந்த ஷைலா சிலுவை போட்டுக்கொண்டாள்.

எத்தனையோ விதமான வரவேற்பைப் பார்த்தவள் நான். இது புதுசு.

"ஆன்ட்டி... நீங்களா?"

"நான்தாம்மா. பதினொரு மணி அப்பாயிண்ட்மென்ட்."

"நீங்க தவறிட்டதா திங்கக்கிழமை போன் வந்துச்சு ஆன்ட்டி. அப்பாயிண்ட்மென்ட்டைக் கூட கேன்சல் பண்ணிட்டேன்."

யாரோ ராங் நம்பர் போட்டிருப்பார்கள் என்று சிரித்து மழுப்பினேன். ஷைலா சிரிக்கவில்லை. என் கையை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே அனுப்பினாள்.

இந்தப் பத்தியை நான் எழுதுவது புனைபெயரில். ஞானஸ்நானப் பெயர் ஆரோக்கிய மேரி. கிளினிக் இருக்கிற விவேக் நகரில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் தெருவுக்கு நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். வியாழக்கிழமை என்றால் இன்னும் மோசம். அன்று அங்கே கோயிலில் நவநாள் பூசை — எங்கெங்கிருந்தோ மேரிகள் வந்து இறங்குவார்கள். ஆஸ்டின் டவுனிலிருந்து நான் வருவது போலத்தான். பூசை முடிந்த கையோடு பல், கண், சுகர் என்று எல்லா டாக்டரையும் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறுவோம்.

எனக்குக் கீழே இடப்பக்கம் இரண்டு கடைவாய்ப் பல் இல்லை. கழற்றி மாட்டுகிற பல்செட் வேண்டும். அளவு எடுப்பார்கள், பத்து நாளில் கொடுப்பார்கள் என்றுதான் நினைத்தேன். அதற்கு முன்னால் வாயையே தயார் செய்ய வேண்டும் என்று யாருக்குத் தெரியும்? ஒரு மாதம் முன்பு டாக்டரம்மா பல்லை எல்லாம் சுத்தம் செய்தார், மேலே ஆடிக்கொண்டிருந்த ஒன்றைப் பிடுங்கினார், பிசின் மாதிரி எதையோ வாயில் அடைத்து அளவு எடுத்தார். புண் ஆறட்டும் என்று அனுப்பினார். அடுத்த முறை பல்செட்டின் கம்பி உட்கார, பக்கத்துப் பல்லில் சின்னக் குழி ராவ வேண்டுமாம்.

"நல்ல பல்லையா ராவப் போறீங்க?"

"ஸ்வல்பதான் ஆன்ட்டி, கொஞ்சமே கொஞ்சம். இல்லேன்னா பல்செட் ஈறுல அழுத்தும். ஆனா ராவினா ராவினதுதான், திரும்ப வளராது. அதனாலதான் முதல்ல மாடல்ல மார்க் பண்ணிப்போம்." டாக்டரம்மா கன்னடக்காரர். தமிழும் கன்னடமும் கலந்து பயமுறுத்துவார்.

அந்த மாடல்தான் போன வியாழக்கிழமை நாற்காலி பக்கத்துத் தட்டில் இருந்தது. பிளாஸ்டரில் வார்த்த கீழ்த்தாடை. அடியில் பென்சிலில் என் பெயர். இடப்பக்கம் அதே இரண்டு பல் இல்லை. ஓட்டைக்கு முன்னால் இருந்த பல்லில் சிவப்புப் பொட்டு.

சும்மா இருக்க முடியுமா? உற்றுப் பார்த்தேன். முன்பல் இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து. அந்த இரண்டில் ஒரு பல் பக்கவாட்டில் திரும்பி நின்றது. நாக்கால் என் முன்பல்லைத் தடவினேன். சந்து இல்லை. மறுபடி தடவினேன். எல்லாம் நேராகத்தான் இருந்தன.

அப்போது என்ன நினைத்தேன் தெரியுமா? ஒரு மாதத்தில் என் பல் நகர்ந்திருக்குமோ என்று! பெயர் எழுதியிருக்கிறது, ஃபைல் இருக்கிறது, டாக்டர் படித்தவர்... சொந்த நாக்கை நம்ப மனசு வரவில்லை. நம்மில் பாதிப் பேர் இப்படித்தான். சீட்டில் நம் பெயர் இருந்தால் போதும், அடுத்தவர் வாயைக்கூட நம் வாய் என்று ஒப்புக்கொள்வோம்.

பார்க்கப் பார்க்க அது ஏதோ சொல்ல வந்து நிறுத்திய வாயாகத் தெரிந்தது.

"பாயி தெகீரி" என்றார் டாக்டரம்மா. வாயைத் திறந்தேன். பஞ்சு, எச்சில் உறிஞ்சும் குழாய், மூக்குக்கு நேரே லைட். மெஷின் கீச்சென்றது. வெளியே நவநாள் கூட்டம் காத்திருந்தது, டாக்டரம்மா அவசரத்தில் இருந்தார். அவருடைய விரல் ஓட்டைக்கு முந்தின பல்லைத் தொட்டது. எந்தக் குறையும் இல்லாத பல். இன்னும் ஒரு நொடியில் அதில் குழி.

அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன்.

"ஏன் ஆன்ட்டி, வலிக்குதா?"

பஞ்சைத் துப்பினேன். "டாக்டர், அது என் வாய் இல்ல."

அவர் சிரித்தார். கண்ணாடியை வாய்க்குள் விட்டுப் பார்த்தார். மாடலைக் கையில் எடுத்து லைட்டில் காட்டினார். மறுபடி என் வாய். அப்புறம் மாஸ்க்கைக் கழற்றினார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"ஷைலா!"

அவள் ஓடி வந்தாள். மாடலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ரெண்டு ஆரோக்கிய மேரி இருந்தாங்கல்ல மேடம், மறந்தே போயிட்டேன்" என்று முனகினாள். கண் கலங்கிவிட்டது. "ஆன்ட்டி, நீங்க போயிட்டீங்கன்னு நெனச்சு... உங்க மாடலைத்தான் குப்பையில போட்டிருக்கேன்."

ஆக, போன் பொய் இல்லை. ஆரோக்கிய மேரி இறந்துதான் போயிருந்தார். என் தாடை குப்பையில், அவர் தாடை என் மடியருகே.

எனக்கு அவரை ஞாபகம் வந்தது. முதல் நாள் ஷைலா பெயரைக் கூப்பிட்டபோது இரண்டு பேரும் ஒன்றாக எழுந்தோம். அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "மகனுக்குப் பொண்ணு பார்க்கப் போறோம்க்கா. அதுக்குள்ள பல் வெச்சிடணும், வாய் விட்டுச் சிரிக்கணும்ல?" என்றார். அன்று அவர் பல்லை நான் பார்க்கவில்லை. பார்த்தது இப்போதுதான்... அவரைப் புதைத்த பிறகு.

புதிதாக அளவு எடுத்தார்கள். எனக்கு ராவ வேண்டியது அந்தப் பல்லே இல்லையாம், ஓட்டைக்குப் பின்னால் இருக்கிற கடைசிப் பல்லாம். டாக்டரம்மா இரண்டு முறை மன்னிப்புக் கேட்டார். எனக்குக் கோபம் வரவில்லை. அந்த மேரியின் மாடலைக் குப்பையில் போடாதீர்கள், மகனைக் கேளுங்கள் என்று மட்டும் சொன்னேன். ஷைலா அதைத் துணியில் சுற்றி எடுத்துப் போனாள், குழந்தையைத் தூக்குவது மாதிரி.

நேரே கோயில் ஆபீசுக்குப் போனேன். அவருக்காக ஒரு பூசை வைக்க வேண்டும் என்று தோன்றியது. கவுன்டரில் கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார்.

"இறந்தவங்க பேரு?"

"ஆரோக்கிய மேரி."

"பூசை குடுக்கிறவங்க பேரு?"

"ஆரோக்கிய மேரி."

பேனா நின்றது. பெரியவர் மெல்ல எழுந்து, கவுன்டருக்கு மேலாக எட்டி, எனக்குக் கால் இருக்கிறதா என்று பார்த்தார்.