இடப்பக்கத்துப் பெருவிரல்

சூடான பிளேன்டீ கிளாஸை ஹிதாயா இரண்டு பெருவிரல்களாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறார். குடிப்பதற்காக அல்ல. குளிர்ந்த விரல் பட்டால் நோயாளியின் முதுகு துள்ளும். மேலே இருக்கும் தசை இறுகிவிடும். அடியில் இருப்பது பிடிபடாது. கண்டிக் குளிரில் ஒவ்வொரு நோயாளிக்கும் முன்னால் ஒரு கிளாஸ் வேண்டியிருக்கிறது. அவர் குடிப்பதெல்லாம் ஆறிய தேநீர்தான்.

மருத்துவமனையில் அவர் இயன்மருத்துவர். தேயிலைத் தோட்டத்துப் பெண்களுக்கு 'பிசியோ மிஸ்'. நகங்களைச் சதையோடு ஒட்ட வெட்டியிருப்பார். பஸ்ஸில் யாராவது கம்பியைப் பிடிக்கக் கையை உயர்த்தினால், ஹிதாயாவின் பார்வை அவருடைய இடுப்புக்குப் போய்விடும். "மனிசன் கைய தூக்க முந்தி முதுகுத்தசை எழும்பிரும்" என்பார்.

அவர் தேடுவது முள்ளந்தண்டை ஒட்டிக் கிடக்கும் ஒரு குறுந்தசையை. வெளியே கைக்குத் தட்டுப்படும் நீளத் தசைகள் உடம்பை நிமிர்த்துகின்றன. அவற்றுக்கு உள்ளே, எலும்புக்கு எலும்பு சாய்வாகக் கட்டியதுபோல் ஓடும் இதுதான் ஒவ்வோர் எலும்பையும் அதனதன் இடத்தில் நிறுத்துகிறது. எலும்புகளுக்கு இடையில் பிதுங்கி நரம்பை நசுக்கும் வட்டை, அதாவது டிஸ்க்கை, எடுக்க, சத்திரசிகிச்சை நிபுணர் தசைமேல் இருக்கும் வெள்ளை உறையைக் கீறி, இந்தத் தசையை எலும்பிலிருந்து உரித்து ஒதுக்கிக்கொண்டு போகிறார். முடிந்ததும் கவனமாக மூடித் தைக்கிறார். ஆனாலும் ஒதுக்கப்பட்ட தசை சிலருக்கு வேலையை மறந்துவிடுகிறது.

ராக்கம்மாவுக்கு இடப்பக்கத்தில் மறந்துவிட்டது. ஹுன்னஸ்கிரியப் பக்கம் கொழுந்து பறிப்பவர். காலில் இறங்கிய வலி ஆபரேஷனோடு போனது. முகம் கழுவக் குனிந்தால் மட்டும் முதுகு பாதியில் கைவிடுகிறது. இன்றும் தசை எழும்பாவிட்டால் திரும்பத் திறந்து எலும்பில் திருகாணி பூட்டுவதைத்தான் யோசிக்க வேண்டும் என்று நிபுணர் சொல்லியிருக்கிறார். அதன்பின் மலையேறிக் கூடை சுமக்கும் வேலை கிடையாது. நிபுணர் அடுத்த அறையில் பதிலுக்குக் காத்திருக்கிறார்.

போன தடவை ராக்கம்மா வந்தபோது இடுப்பில் படங்கு சுற்றியிருந்தது. செடியின் ஈரம் படாமலிருக்க மலையில் பெண்கள் கட்டும் சாக்குத்துணி. தையல் விட்டுவிடுமோ என்ற பயத்தில் கணவர் செல்லச்சாமி அதைக் கயிறு போட்டு இறுக்கி, இரவிலும் அவிழ்க்காமல் வைத்திருந்தார்.

"மாட்டயும் இப்பிடித்தான் கட்டுறதா?" என்று கேட்டார் ஹிதாயா.

"மாடுன்னா அவுத்துக்கிட்டு ஓடிரும் மிஸ். இவ எங்க ஓடுறது?"

ஹிதாயா சிரிக்கவில்லை. கயிறு தாங்கிக்கொண்டால் தசை எதற்கு எழும்ப வேண்டும் என்று விளக்கிக் கழற்றவைத்தார். பஸ் குலுக்குமே என்று செல்லச்சாமி இன்றும் அந்தக் கயிற்றைச் சுருட்டிக் கையில் வைத்திருக்கிறார்.

ராக்கம்மா குப்புறப் படுத்திருக்கிறார். முள்ளெலும்பின் இருபுறமும் ஹிதாயாவின் பெருவிரல்கள். தசையை இறுக்கச் சொன்னால் வெளித்தசை எழும்பி ஏமாற்றும். அதனால் அவர் அப்படிச் சொல்வதில்லை.

"செடிக்கு நடுவுல ஒரு கொழுந்து. வலக்கையால எட்டப் போறீங்க. எட்ட வேணாம், நெனைங்க மட்டும்."

வலக்கை நினைத்தால் இடப்பக்கம் எழும்ப வேண்டும். ஒன்றுமில்லை. மறுபடி சொன்னார். வெளித்தசை பலகைபோல் விறைத்தது.

"மூச்சப் பிடிக்கிறீங்க. விடுங்க."

"பயமா இருக்கு மிஸ். திரும்ப அறுப்பாங்களா?"

"இப்ப சொல்ல ஏலாது." சரியாகிவிடும் என்ற வார்த்தையை ஹிதாயா யாருக்கும் கொடுப்பதில்லை. எந்த மலையில் கொழுந்து நன்றாக வரும் என்று கேட்டார். ஏழாம் நம்பரில் என்றார் ராக்கம்மா.

"அப்ப அங்கயே நில்லுங்க. பக்கத்து நெரையில பறிக்கிறவ ஒங்கட செடியில கைய நீட்டப் போறா."

"அவளா?" என்றார் ராக்கம்மா. கை அசையவில்லை. ஹிதாயாவின் இடப் பெருவிரலுக்கு அடியில், எலும்பை ஒட்டி, ஏதோ மெல்லத் தடித்தது.

ஹிதாயா கண்களை மூடிக்கொண்டார். "இன்னொருக்கா" என்றார். பிறகு, "இன்னொருக்கா."

கண்ணைத் திறந்து, செல்லச்சாமியைத் தலையசைத்துக் கிட்டே கூப்பிட்டார். தன் இடப் பெருவிரலை எடுத்துவிட்டு, அதே இடத்தில் அவருடைய காய்த்துப்போன பெருவிரலைப் பிடித்து வைத்தார்.