கோடு பார்த்துச் சொன்னவள்

ஒடுக்குக்காரர் என்றால்தான் எங்கள் தெருவில் அவரைத் தெரியும். காரில் விழுந்த ஒடுக்கைப் பெயிண்டில் கை வைக்காமல் எடுப்பவர். மற்ற பட்டறைகளில் நசுங்கிய கதவைத் தட்டி, பட்டி பூசி, தேய்த்து, புதுப் பெயிண்ட் அடிப்பார்கள். இவர் கண்ணாடி இடுக்கு வழியாக நீளமான இரும்புக் கம்பியைக் கதவுக்குள் விட்டு, தகட்டை உள்பக்கமிருந்து துளித் துளியாக வெளியே தள்ளுவார். எதிரே கறுப்புக் கோடுகள் போட்ட விளக்குப் பலகை ஒன்று நிற்கும். அந்தக் கோடுகள் கதவின் பளபளப்பில் தெரியும். ஒடுக்கு உள்ள இடத்தில் வளையும். கோடு நேரானால் வேலை முடிந்தது.

பக்கத்து ஷெட்டில் கார் சீட்டுக்கு உறை தைப்பவன் நான். அவர் எனக்கு அண்ணன், அவர் மனைவி அண்ணி. மதியச் சாப்பாடு கொண்டுவரும் அண்ணியின் வாய்க்கு அந்த வரிசைக் கடைகள் எல்லாமே பயப்படும்.

ஒருநாள் அண்ணன் கறுப்புக் கார் ஒன்றின் கதவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். சைக்கிள் கைப்பிடி இடித்த சின்ன ஒடுக்கு. முடிந்துவிட்டது என்று நான் நினைத்த பிறகும் தள்ளிக்கொண்டே இருந்தார். பெயிண்ட் விரிசல் விட்டது. கார்க்காரர் கத்திவிட்டுப் போனார். அண்ணன் ஒடுக்கே இல்லாத பின்பக்கக் கதவில் விளக்கைத் திருப்பி வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு விளக்கை அணைத்தார்.

விஷயம் வீட்டில்தான் வெளிப்பட்டது. ஜன்னலைப் பார்த்து, "இந்தக் கம்பி எப்ப வளைஞ்சுச்சு?" என்று கேட்டிருக்கிறார். அண்ணி கம்பியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மறுநாளே கண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டர் கட்டம் கட்டமாகக் கோடு போட்ட அட்டையை நீட்டி, எப்படித் தெரிகிறது என்று கேட்டார்.

"நடுவுல ஒடுக்கு விழுந்திருக்கு டாக்டர்."

"அட்டையில இல்லைங்க. உங்க கண்ணுல."

விழித்திரையின் நடுப்பகுதி கெட்டுக்கொண்டு வருகிறது, ஊசி போட்டால் வேகம் குறையலாம், போன பார்வை வராது என்றார். ஓரத்தில் தெரியும். நேரே பார்ப்பது மட்டும் மங்கிக்கொண்டே போகும்.

ஷெட்டை மூடிவிடுவார் என்று நினைத்தோம். அண்ணி விடவில்லை. ஒரு முக்காலியைத் தூக்கிவந்து கதவுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள். "கோடுதானே பாக்கணும்? எனக்கென்ன, கண்ணு இல்லையா?"

முதல் சில வாரம் சண்டைதான்.

"மேல தள்ளுங்க."

"எந்த மேல? எனக்கு மேலயா, உனக்கு மேலயா?"

"கூரை இருக்கிற பக்கம்தான் எல்லாருக்கும் மேல."

போகப் போகச் சண்டை சுருங்கியது. "வருது... வருது... நில்லுங்க" என்பாள். அவர் கை அந்த 'நில்லுங்க'வின் முதல் எழுத்திலேயே நிற்கும். வீட்டில் கேட்கிற பேச்சு போதாதென்று இங்கேயும் கேட்கிறாரே என்று தெரு சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார். அதன் பிறகு எந்தக் கதவிலும் பெயிண்ட் விரிசல் விடவில்லை.

அதற்குள் அவருடைய பார்வையின் நடுவில் ஒரு கறுப்புத் திட்டு வந்து உட்கார்ந்துகொண்டது. ஆளின் தோள் தெரியும், புடவை தெரியும். முகம் தெரியாது.

அண்ணி இளைத்துக்கொண்டே வந்தாள். நான் கேட்டதற்கு, "சர்க்கரைன்னு சொன்னாங்கப்பா, சோத்தைக் குறைச்சுட்டேன்" என்றாள். நம்பினேன்.

பழைய வாடிக்கைக்காரர் ஒருவர் சிவப்புக் கார் ஒன்றைக் கொண்டுவந்தார். வேலை நடுவில் இருக்கும்போது எட்டிப் பார்த்தவர், "என்னம்மா, இப்படி உருக்குலைஞ்சு போயிட்டீங்க? அடையாளமே தெரியலையே" என்றார்.

அண்ணன் கம்பியை உருவிக் கீழே வைத்தார். அண்ணியின் பக்கத்தில் வந்து, எங்கள் எல்லார் முன்னாலும் இரண்டு கையாலும் அவள் முகத்தைத் தொட்டார். மயிரிழைப் பள்ளத்தைக்கூட தடவியே கண்டுபிடிக்கிற விரல்கள். கன்னத்தில் குழி விழுந்திருந்தது. விரல்கள் தாடை எலும்பு வரைக்கும் போய் நின்றன.

"இது எப்பத்துல இருந்து?"

"ஆளுங்க இருக்காங்க. கையை எடுங்க."

"எப்பத்துல இருந்துன்னு கேட்டேன்."

அவள் வயிற்று வலியைப் பல மாதமாக மறைத்திருந்தாள். தான் படுத்தால் முக்காலியில் உட்கார ஆள் இல்லை என்பதுதான் காரணம் என்று பின்னால் மகளிடம் சொன்னாளாம். ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே தைத்துவிட்டார்கள். மழைக்காலம் முடிவதற்குள் போய்விட்டாள். கடைசி நாட்களில் அவரிடம், "அந்தச் சிவப்புக் காரு என்னாச்சு? பாதியில நிக்குதே" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். முடித்துக் கொடுத்துவிட்டதாக அவர் பொய் சொன்னார்.

காரியமெல்லாம் முடிந்து மகள் அப்பாவோடு ஷெட்டுக்கு வந்தாள். சிவப்புக் கார் பாதி வேலையோடு அங்கேயே நின்றது. விளக்கைப் போட்டாள், முக்காலியில் உட்கார்ந்தாள். "சொல்றேன்பா, தள்ளுங்க."

நான் நின்று பார்த்தேன். கெட்டிக்காரப் பெண், சரியாகத்தான் சொன்னாள். அவருக்குத்தான் கை ஓடவில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு கணம் தாமதித்தார், இன்னொரு குரலுக்குக் காத்திருப்பவர் போல. ஒடுக்கு முக்கால்வாசி எழுந்தது. மீதி எழவில்லை. "போதும்மா" என்றார். கார்க்காரர் வந்து, தடவிப் பார்க்காமலே நன்றாக இருக்கிறது என்று சொல்லி ஓட்டிக்கொண்டு போனார்.

ஷெட்டை இப்போது பஞ்சர் ஒட்டுகிறவர் எடுத்திருக்கிறார். அண்ணன் மகள் வீட்டில் இருக்கிறார். சென்ற மாதம் போய்ப் பார்த்தேன். கூடத்தில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார்.

மகள் ஒரு படத்தைச் சட்டம் போட்டு வாங்கி வந்திருந்தாள். ஆஸ்பத்திரியில் செல்போனில் எடுத்தது. அண்ணி அதில் லேசாகச் சிரிக்கிறாள். "அப்பா, அம்மா எப்படி இருக்காங்க தெரியுமா இதுல?" என்று ஆரம்பித்தாள்.

"வேணாம்மா" என்றார். "எனக்குத் தெரிஞ்ச அவ முகம் நல்லாத்தான் இருக்கு. இதை நீ வச்சுக்கோ. எனக்குச் சொல்லாத."

மகள் படத்தை உள் அறைக்கு எடுத்துப் போனாள். நான் அவர் எதிரே உட்கார்ந்து ஒரு கைப்பிடி பட்டாணியை எடுத்துக்கொண்டேன். இருவரும் உரித்தோம்.