கட்டிலுக்கடியில் உளுந்து

எம்.எஸ்சி. தாவரவியல் கடைசிப் பருவத்தில் என் உயிரை வாங்கியது உளுந்து. சுரங்க மண்மேட்டில் வளர்ந்திருக்கும் தைலமரங்களின் இலையை ஊறவைத்து, அந்தத் தண்ணீரில் உளுந்தை முளைக்கவிட்டால் வேர் எவ்வளவு குட்டையாகிறது என்று அளக்க வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு தட்டில் வெறும் தண்ணீர். வெறும் தண்ணீரில் வேர் ஜம்மென்று நீளும் என்பதில் யாருக்கும் சந்தேகமே இல்லை, உளுந்தைத் தவிர.

இலைத் தண்ணீரிலும் குட்டை வேர், வெறும் தண்ணீரிலும் குட்டை வேர். வழிகாட்டிப் பேராசிரியர் கையை விரித்துவிட்டார். "வெறும் தண்ணியிலயே வேர் நீளலைன்னா எதோட ஒப்பிடுவீங்க? இந்தத் தடவையும் இப்படியே வந்தா, அடுத்த வருஷம்தாம்மா."

ஒரு வருஷமா! விதையை மாற்றினேன், தட்டில் விரிக்கும் தாளை மாற்றினேன், தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்து ஊற்றினேன். உளுந்து மசியவே இல்லை.

தட்டுகளை இருட்டில் வைக்கச் சொல்லியிருந்தார்கள். எங்கள் குவார்ட்டர்ஸில் பகலிலும் கும்மிருட்டாக இருக்கும் இடம் ஒன்றுதான். நைட் ஷிஃப்ட் முடித்து வரும் அப்பா தூங்குவதற்காக ஜன்னலைச் சாத்திப் போர்வையைத் தொங்கவிட்டிருந்த அறை. அவர் கட்டிலுக்கடியில்தான் என் ஆராய்ச்சி நடந்தது.

அந்தச் சமயம் பார்த்து நெல்லிக்குப்பத்தில் அத்தை மகளுக்கு வளைகாப்பு. அங்கே தங்கிவிட்டு மறுநாள் காலை வந்து அறைக் கதவைத் திறந்தேன். மூக்கில் குப்பென்று ஏறியது நீலகிரித் தைலம்!

அப்பாவுக்கு இடுப்பு வலி. ஷிஃப்ட் முடிந்து வந்ததும் தைலத்தைத் தேய்த்துக்கொண்டுதான் படுப்பார். பல வருஷமாக எங்கள் வீட்டுக் காற்றே அதுதான் என்பதால் எங்கள் யாருக்கும் அந்த வாசனை தெரியாது. ஓர் இரவு வெளியே இருந்துவிட்டு வந்த மூக்கு கண்டுபிடித்துவிட்டது. நான் இலை பறித்து ஊறவைத்த அதே ஜாதி மரத்தின் எண்ணெய், மூடிய அறையில் ஆவியாகி, என் வெறும் தண்ணீர்த் தட்டையும் விடவில்லை.

கத்திவிட்டேன். அப்பா துள்ளி எழுந்தார்.

"இன்னாடி, பாம்பா?"

"நீங்கதாம்ப்பா! எல்லாம் நீங்கதான்!" சந்தோஷத்தில் குதித்தேன். அம்மா கரண்டியோடு ஓடிவந்தார்.

"மனுஷன் நோவுன்னு தேய்ச்சிக்கினு படுத்தா, அதுல இன்னாடி சிரிப்பு?"

விஷயம் புரிந்ததும் அப்பாவின் முகம் தொங்கிப்போனது. "அப்ப உன் படிப்பக் கெடுத்தது நான்தானா?" என்று பாட்டிலை வெளியே வைக்கக் கிளம்பினார். நான் ஓடிப்போய் மறித்தேன்.

"ஐயோ, வைக்காதீங்கப்பா. இன்னும் நல்லாத் தேய்ங்க!"

இலைத் தண்ணீரும் வெறும் தண்ணீருமாக ஒரு ஜோடித் தட்டை அம்மாவின் மளிகை அலமாரிக்குள் பூட்டினேன். இன்னொரு ஜோடி கட்டிலுக்கடியில். அப்பா அதை டியூட்டியாகவே எடுத்துக்கொண்டார். "தேய்ச்சிட்டேன், பார்த்துக்க" என்று தினமும் காலையில் என்னிடம் ரிப்போர்ட் செய்துவிட்டுத்தான் படுத்தார்.

அலமாரியைத் திறந்தபோது வெறும் தண்ணீர்த் தட்டில் வேர்கள் வெள்ளை வெளேரென்று நீண்டு ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. பக்கத்தில் இலைத் தண்ணீர்த் தட்டில் மட்டும் குட்டை. அம்மாவைக் கட்டிப்பிடித்துச் சுற்றினேன். கட்டிலுக்கடியில் இருந்தவை இரண்டுமே அதே பழைய குட்டை. நான் சிரித்துக்கொண்டே அளவுகளைக் குறிக்க, ஸ்கேலை அம்மாதான் பிடித்துக்கொண்டார்.

கட்டிலுக்கடியில் வேரைக் குட்டையாக்கியது தைல ஆவி என்று ஆய்வேட்டில் எழுதியிருந்தேன். வைவாவில், வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் கேட்டார்: "அந்த ஆவி எங்கிருந்து வந்தது?"

மரத்தின் லத்தீன் பெயரை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். வாயில் வந்தது வேறு. "எங்கப்பா இடுப்புலேர்ந்து, சார்."

எல்லோரும் சிரித்தார்கள். பாஸ் போட்டார்கள்.

சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு. அப்புறம் வாசலுக்குப் போய், செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரரிடம் தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்.

"எம்பொண்ணு பாஸ் பண்ணிட்டாங்க! படிப்பு அவளுது, நோவு என்னுது!"