ரயில் கைடு படித்தவள்

கோடைக்கானல் பஜாரில் அத்தாவின் பலசரக்குக் கடைக்கு மேலேதான் எங்கள் வீடு; அப்பாவை அத்தா என்றுதான் கூப்பிடுவோம். எட்டாம் வகுப்போடு என்னைப் பள்ளியிலிருந்து நிறுத்திய பிறகு, ஜன்னலுக்கும் மாடிப்படிக்குமாக நடந்தே பொழுதைப் போக்கினேன். பஸ் கிளம்பும் சத்தம் கேட்டாலே இருப்புக் கொள்ளாது. மதுரைக்குப் போய் மேலே படித்து டீச்சர் டிரெயினிங் முடிக்க வேண்டும். மனசில் அது ஒன்றுதான் ஓடியது. வீட்டிலோ பாலசமுத்திரத்தில் எனக்கு மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள்.

பொட்டலம் மடிக்க அத்தா பழைய வாரப் பத்திரிகைகளை எடைக்கு வாங்குவார். ஒரு தொடர்கதை அப்படித்தான் மாடிக்கு வந்தது: மல்லியோடு ஒரு பக்கம், மிளகோடு ஒரு பக்கம், முன்னுக்குப் பின்னாக. அதில் வரும் பெண்ணை அத்தை மகனுக்குப் பேசியிருப்பார்கள். அவள் அப்பாவுக்கு எதிரே பக்திப் பாட்டுப் புத்தகத்தை விரித்து வைத்திருப்பாள். உள்ளே ரயில் கைடு. எந்த வண்டி எந்த ஊரில் எவ்வளவு நேரம் நிற்கும் என்று உதடு அசையாமல் படிப்பாள். கதாசிரியரோ அவளை அடக்கமானவள், அடக்கமானவள் என்றே எழுதிக்கொண்டு போனார். எனக்குச் சிரிப்பாக வந்தது. உண்டாக்கியவருக்கே அவளைத் தெரியவில்லை.

அண்ணன் மனைவிக்கும் எனக்கும் இதில் ஓயாத சண்டை. "அத்தை மகனத்தான் கட்டுவா, நீ சோலியப் பாரு" என்பார் மதினி. ரயில் கைடு படிக்கிறவள் கிளம்பிவிடுவாள் என்று நான் அடித்துச் சொன்னேன்.

நிக்காஹ் அன்று காலையில், கற்கண்டு கட்டி வந்த தாளில் கடைசி அத்தியாயம் இருந்தது. அத்தை மகனையே கட்டிக்கொண்டு, அந்தப் பாட்டுப் புத்தகத்தை வாய்விட்டுப் படிக்கிறாள். ரயில் கைடு என்ன ஆயிற்று என்று ஒரு வரி இல்லை. பட்டுச்சேலையோடு எழுந்து ஜன்னலுக்கும் மாடிப்படிக்குமாக நடக்க ஆரம்பித்தேன். அவள் அப்படிப்பட்டவளே இல்லை.

மதினி என்னைப் பிடித்து உட்கார வைக்கவும், அத்தா இரண்டு சாட்சிகளோடு திரைக்கு அந்தப் பக்கம் வந்து நின்று சம்மதம் கேட்டார். எங்களில் மணப்பெண் வாய் திறப்பதில்லை. பேசாமல் இருந்தாலே சம்மதம்.

"எனக்குச் சம்மதமில்லங்கத்தா. நான் படிக்கப் போகணும்."

மதினியின் கை என் தோளிலிருந்து நழுவியது.

"இத முன்னமே சொல்லியிருக்கலாமேம்மா," என்றார் அத்தா.

சொல்லித்தான் இருந்தேன், அவருக்குச் சோறு போடும்போதெல்லாம். எனக்கு அழுகை வந்துவிட்டது. சாட்சிகளில் ஒருவர், சின்னப் பிள்ளைதானே, கேட்காத மாதிரி இருந்துவிடலாம் என்று மெல்லச் சொன்னார்.

"நீங்க சாட்சிங்க," என்றார் அத்தா. "சபையில போயி, கேட்டதக் கேட்டபடி சொல்லணும். வாங்க."