மேகத்துக்குள் ஒரு பச்சைச் சூரியன்

பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பிரான்சிஸ்காவின் மகள் நிஷாலினி சிறிய விமானம் ஒன்றின் விமானி. மட்டக்களப்பிலிருந்து இரத்மலானைக்குப் பயணிகளை ஏற்றி வரும் நாள்களில் ஊவா மலைகளின் மேலாகத்தான் வருவாள். அந்த வழி அவளுக்குப் பிடிக்கும். வானம் தெளிந்திருந்தால் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களின் தகரக் கூரைகள் மினுங்குவது தெரியும்.

அன்று மாலை சூரியன் நேர் எதிரே நின்றது. கீழே வெண்மேகம் விரிந்து கிடந்தது. அதில் ஒரு கிழிசலைக் கண்டதும், தங்கள் லயம் தென்படுமா என்று கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு உற்றுப் பார்த்தாள். ஒளி பாலைப் போலக் கண்ணுக்குள் வழிந்தது. எதிரே குவிந்திருந்த பெருமேகத்துக்குள் விமானம் புகுந்தபோதும் அவள் பார்வை வெளியில்தான் இருந்தது.

எல்லாம் இருண்டது. கருவிகளின் முட்களும் எண்களும் மறைந்துபோயின. அந்தக் கறுப்பில் பச்சைச் சூரியன் ஒன்று மட்டும் மிதந்தது. கண்ணை மூடினாலும் அது போகவில்லை. மேல் எது, கீழ் எது என்ற நினைப்பே கரைந்தது. தண்ணீருக்குள் படுத்திருப்பதுபோல உடம்பு லேசாயிற்று. விமானம் நேராகப் போவதாகவே தோன்றியது.

பக்கத்தில் துணை விமானி ஸப்ரான் இருந்தான். பதுளைக்காரன். அதுவரை குனிந்து வரைபடம் பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஸப்ரான், எனக்குக் கருவி ஒண்ணும் தெரியல. நீங்க பிடிங்க.”

“சரி, இப்ப என்ட கையில.”

ஏன் என்று அவன் கேட்கவில்லை. விமானம் இடப்பக்கம் சாய்ந்து இறங்கத் தொடங்கியிருந்தது. அதை நிமிர்த்திவிட்டு, கருவிகளின் விளக்குகளை முழுவதுமாக ஏற்றினான். அவள் கண்ணிலிருந்த பச்சைச் சூரியன் மெல்ல வெளிறியது. எண்கள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன.

“கண் இப்ப எப்படி ஈக்குது?”

“தெரியுது. சாஞ்சது எனக்குத் தெரியவே இல்ல.”

“அவ்வளவு வெளிச்சத்தப் பார்த்துட்டு இருட்டுக்குள்ள வந்தா யாருக்கும் அப்படித்தான். ஒடனே சொன்னீங்களே, அது நல்லம்.”

இரத்மலானையில் இறங்கியதும் அம்மாவை அழைத்தாள்.

“பிளேன் சத்தம் கேட்டுச்சு. வெளிய வந்து பார்த்தேன், ஒரே மேகம். நீதானா?”

“நான்தாம்மா.” நடந்ததைச் சொன்னாள்.

“பயந்துட்டியா?”

“அப்ப பயமே இல்லம்மா. தூக்கம் வர்ற மாதிரி சொகமா இருந்துச்சு. இப்பதான் பயமா இருக்கு.”



“மேல இருந்து எங்களத் தேடாத,” என்றாள் பிரான்சிஸ்கா. “லீவு போட்டுட்டு வா. பக்கத்துல உக்காந்து பார்த்துக்கலாம்.”

மறுவாரமும் நிஷாலினி அதே வழியில் பறந்தாள். மேகம் நெருங்கும் முன்பே விளக்குகளை ஏற்றி, கண்களைக் கருவிகளின் பக்கம் திருப்பிக்கொண்டாள். கீழே தோட்டம் தெரிந்ததா என்று அவளுக்குத் தெரியாது.