மார்பில் ஒட்டிய பேட்ச்சும் தவிட்டு ஒத்தடமும்

ஸ்டெல்லா சிஸ்டர் காலமாகிவிட்டார்.

காலையில் தாம்பரத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போது உத்திரமேரூர்த் தோழி மெசேஜ் போட்டிருந்தாள். கேன்சராம். எனக்கு யாருமே சொல்லவில்லை...

ஆபீஸ் வந்துவிட்டேன். வந்து என்ன, உட்கார முடியவில்லை. வாங்கி வைத்த டீ ஆறிக்கிடக்கிறது. அழுகையும் வரவில்லை.

ஒரே கேள்விதான் மண்டையைக் குடைகிறது. கடைசியில் சிஸ்டருக்கு வலித்ததா? யாராவது அவருக்குப் பேட்ச் ஒட்டினார்களா இல்லையா?

என்ன பேட்ச் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

இரண்டாயிரங்களில், புள்ளலூர்ப் பக்கம் நாங்கள் இருந்தபோது, அம்மாவுக்கு முதுகெலும்பில் கேன்சர். படுக்க முடியாது. முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தபடியேதான் தூங்குவாள். மாத்திரை வயிற்றில் தங்கவில்லை. அதனால் டாக்டர் எழுதிக் கொடுத்ததுதான் வலிக்கான பேட்ச். கண்ணாடித்தாள் மாதிரி மெல்லிசாக, சின்னதாக இருக்கும். மார்பில் ஒட்டினால் மருந்து தோல் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். மூன்று நாளைக்கு ஒன்று.

ஸ்டெல்லா சிஸ்டர் வீடு தேடி வரும் நர்ஸ். ஆஸ்பத்திரி வேன் மெயின் ரோட்டிலேயே நின்றுவிடும். ஏரிக்கரை மேல் வேகுவேகுவென்று நடந்து வருவார். நடக்கும்போதே யாரையாவது திட்டிக்கொண்டு வருவார்.

முதல் பேட்ச்சை ஒட்டிவிட்டு என்னிடமும் நைனாவிடமும் சொன்னார். "ஒடனே கேக்காது. ஒரு நாள் ஆவும், பொறுத்துக்கணும். அது மேல சூடு மட்டும் படக்கூடாது. ஒத்தடம், வெந்நி எதுவும் வாணாம், இன்னா?"

நாங்கள் தலையாட்டினோம். ஆனால் மறுநாள் முதல் பஸ்ஸில் பழையசீவரத்திலிருந்து வந்து இறங்கிய அத்தைக்கு இது தெரியாதே...

அத்தை, நைனாவின் அக்கா. எந்த வலிக்கும் அவளுக்கு ஒரே வைத்தியம்தான். தவிட்டை வறுத்து, துணியில் முடிந்து, சுடச்சுட ஒத்தடம். நைனா கழனிக்குப் போயிருந்தார், நான் பம்புசெட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். அம்மா துடிப்பதை அத்தையால் பார்க்க முடியவில்லை. மருந்து இறங்க ஒரு நாள் ஆகும் என்று அம்மாவே சொல்லியிருக்கிறாள், சூடு ஆகாது என்பதைச் சொல்லவில்லை.

"ஒரு நாளா? மேலயே நின்னுக்கினு கீது, எறக்க வாணாமா?"

சுடச்சுடத் தவிட்டு மூட்டையைப் பேட்ச் மேலேயே வைத்து வைத்து எடுத்திருக்கிறாள்.

நான் வந்து பார்த்தால் அம்மா மல்லாந்து படுத்துத் தூங்குகிறாள். எத்தனையோ மாதம் கழித்து! அத்தைக்கு ஒரே பெருமை. "பாத்தியாடி, எப்டித் தூங்கறா." எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்வானேன்.

மத்தியானம் சிஸ்டர் வந்தார். அம்மா மார்பையே பார்த்தார். மூச்சு எப்போதோ ஒன்று வருகிறது. பேட்ச்சைச் சட்டென்று உரித்தார். தவிட்டு மூட்டையைப் பார்த்தார்.

"இன்னா பண்ணி வெச்சிருக்கீங்க! ஏம்மா, கண்ணத் தொற. மூச்ச இழு. தூங்காத, என்னப் பாரு!"

சூடு பட்டதில் மருந்து ஒரேயடியாக உள்ளே போய்விட்டதாம். உரித்துவிட்டால் உடனே சரியாகாதாம், தோலுக்குள் போனது இறங்கிக்கொண்டேதான் இருக்குமாம். கயிற்றுக்கட்டிலோடு தூக்கிக்கொண்டு வேனுக்கு ஓடினோம். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை சிஸ்டர் அம்மா கன்னத்தைத் தட்டித் தட்டிப் பேசிக்கொண்டே வந்தார்.

அம்மா பிழைத்துக்கொண்டாள். வலியும் திரும்ப வந்துவிட்டது.

நைனா ஒரே பிடியாக நின்றார். "அந்த எழவு இனிமே எங்க வூட்டுக்குள்ள வரக்கூடாது. வலிச்சாலும் உசுரோட கீறா இல்ல?"

டாக்டரிடம் கேட்டு, முன்னைவிடச் சின்ன அளவு பேட்ச்சோடு சிஸ்டர் வந்தார். நைனா வாசலை மறித்துக்கொண்டார்.

"அண்ணே, வலி உங்களுதில்ல. அது யாருதோ அவங்களதான் கேப்பேன்." நைனாவின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "நீ சொல்லும்மா."

அம்மா முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "ஒட்டு சிஸ்டர்."

அவ்வளவுதான். நைனா நகர்ந்துவிட்டார்.

அத்தை தோட்டத்துப் பக்கம் ஒளிந்திருந்தாள். சிஸ்டர் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "இனிமே இதுக்கு நீங்கதான் காவல்" என்றார். ஒரு வார்த்தை திட்டவில்லை. அதற்கப்புறம் அத்தை பண்ணிய அதிகாரம் இருக்கிறதே... அம்மாவை வெயிலில்கூட உட்காரவிட மாட்டாள்!

அம்மா மேலும் சில மாதம் இருந்தாள். காலை நீட்டிப் படுத்தாள். ரசத்தில் உப்பில்லை என்று நைனாவைத் திட்டினாள். தூக்கத்திலேயே போனாள். சிஸ்டர் தந்தது அது. நான் ஒழுங்காக நன்றிகூடச் சொன்னதில்லை.

மேலே இருப்பதை எழுதிக்கொண்டிருக்கும்போதே பொறுக்க முடியாமல் சிஸ்டரின் மகனுக்குப் போன் போட்டேன். துக்க வீட்டில் கேட்கிற கேள்வியா இது... கேட்டுவிட்டேன். வலிச்சுதாப்பா?

"இல்லக்கா. பேட்ச் ஒட்டியிருந்தோம். எங்க ஒட்டணும்னு அம்மாதான் கைய வெச்சிக் காட்டுனாங்க."

பிறகு சொன்னான். "நேத்து ஒடம்பு சில்லுனு கீதேன்னு பக்கத்து வூட்டம்மா வெந்நிப் பை எடுத்துக்கினு வந்தாங்க. அம்மா கண்ணக்கூடத் தொறக்கல. 'மாருல வாணாம், கால்ல வை'ன்னாங்க. அதுக்கப்புறம் பேசலக்கா."

இப்போதுதான் அழுகை வருகிறது.

நல்லாக் கால நீட்டிப் படுங்க சிஸ்டர்.